நிகழ்ச்சிச் செய்தியோடு பாடல் பட்டியலும் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் ஓய்வுபெற்ற தாதி. இசை நிகழ்ச்சிகளைப் பற்றி வரும் செய்திகளை ஒன்று விடாமல் படிப்பவள். இங்கு ஒரு தமிழ் இசை நிகழ்ச்சி நடந்தால், அதில் பாடிய பாடல்களின் முழுப் பட்டியலையும் பாடிய வரிசையிலேயே செய்தியோடு அச்சிடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஏ.ஆர். ரஹ்மான் சிங்கப்பூருக்கு வரப்போகிறார் என்று காதில் விழுந்தால் போதும், அன்று இரவே நானும் அண்ணனும் கணிக்க உட்கார்ந்துவிடுவோம். அண்ணன் உட்லண்ட்சில் இருக்கிறார், அதனால் பெரும்பாலும் தொலைபேசியில்தான். ஆளுக்கு 25 பாடல்கள் எழுத வேண்டும். முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் தனியாகக் குறிக்க வேண்டும். யாருடைய பட்டியல் அதிகம் பொருந்துகிறதோ அவருக்கு மற்றவர் தேக்காவில் சாப்பாடு வாங்கித் தர வேண்டும். நான் இதற்கென்றே ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன்.

கணிப்பது குருட்டாம்போக்கில் செய்கிற வேலை இல்லை. முதலில் சுவரொட்டியில் எந்தப் பாடகர்கள் பெயர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஸ்ரேயா கோஷல் வந்தால் ‘முன்பே வா’வை யோசிக்காமல் எழுதலாம். உன்னிகிருஷ்ணன் வந்தால் ‘என்னவளே’. அப்புறம் ரஹ்மானே பாடியவை: ‘அந்த அரபிக் கடலோரம்’, ‘முஸ்தபா முஸ்தபா’, ‘வெள்ளைப் பூக்கள்’, ‘பொன்னி நதி’. இவற்றுக்கு வேறு யார் வருகைக்கும் காத்திருக்க வேண்டாம் என்பதால் இருவர் பட்டியலிலும் இருக்கும். கடைசிப் பாட்டு என்று அண்ணன் எப்போதும் எழுதுவது ‘வந்தே மாதரம்’. நான் ‘ஜெய் ஹோ’.

கஷ்டமான இடம் ஒன்று உண்டு. மறைந்துபோன குரல்கள். 1992இல் ‘ரோஜா’ கேசட்டைச் சிராங்கூன் சாலையில் வாங்கி, இரவு வேலைக்குப் போகும் பேருந்தில் வாக்மேனில் கேட்டுக்கொண்டே போனவள் நான். ‘காதல் ரோஜாவே’ பாடிய எஸ்.பி.பி. 2020இல் போய்விட்டார். ‘போறாளே பொன்னுத்தாயி’க்குத் தேசிய விருது வாங்கிய ஸ்வர்ணலதா 2010இலேயே போய்விட்டார். ‘ராசாத்தி என் உசுரு’ பாடிய சாகுல் ஹமீது அதற்கும் வெகு காலம் முன்பு. இந்தப் பாடல்களைப் பட்டியலில் சேர்ப்பதா, விடுவதா? 2024இல் ‘லால் சலாம்’ படத்துக்காகச் சாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவர் குரலையும், குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, செயற்கை நுண்ணறிவால் மீட்டுப் பாட வைத்தார் ரஹ்மான். மேடையிலும் அப்படி நடக்கலாம் என்பது அண்ணனின் கணிப்பு. எனக்கு மேடையில் அது வேண்டாம். பயந்து பயந்து பாடினாலும் ஓர் இளம் பாடகி என் கண்ணெதிரே நின்று ‘போறாளே பொன்னுத்தாயி’யைப் பாட வேண்டும். ஒவ்வொரு முறையும் அந்தப் பாட்டை எழுதுகிறேன். இதுவரை பொருந்தியதில்லை. ஆனாலும் எழுதுவேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2024 மார்ச்சில் அமெரிக்கப் பாடகி டெய்லர் சுவிஃப்ட் இங்குள்ள தேசிய விளையாட்டரங்கில் 6 இரவுகள் பாடினார். என் மகளுக்கு ஓர் இரவுக்கு நுழைவுச்சீட்டு கிடைத்தது. போவதற்குப் பல வாரங்கள் முன்பே அவள் கணிக்கத் தொடங்கினாள். அப்போதுதான் அவருடைய ரசிகர்களுக்கும் எங்களுக்கும் இருக்கும் வித்தியாசம் எனக்குப் புரிந்தது. அந்தச் சுற்றுப்பயணம் 2023 மார்ச்சில் அமெரிக்காவின் அரிசோனாவில் தொடங்கியது. அன்றிலிருந்து எந்த ஊரில் எந்த இரவில் என்ன பாடினார் என்பது முழுவதும் பட்டியலாக இருந்தது. முக்கியப் பாடல்கள் பெரும்பாலும் மாறாது. ஆனால் ஒவ்வோர் இரவும் கிட்டாரில் ஒன்று, பியானோவில் ஒன்று என்று எதிர்பாராத பாடல்களுக்கு இடம் வைத்திருந்தார். எங்கும் பாடாத பாடல்கள் எவை என்று மகள் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். இங்கு வருவதற்குச் சற்று முன்புதான் அவர் இரண்டு பாடல்களை ஒன்றாகப் பின்னிப் பாடவும் தொடங்கியிருந்தார். மகள் போட்ட கணக்கெல்லாம் தலைகீழானது. “ம்மா, இனிமே ஒவ்வொரு பாட்டுக்கும் ஜோடி தேடணும்!” என்று இரவு ஒரு மணிக்கு என்னை எழுப்பிச் சொன்னாள். அவ்வளவு சந்தோஷம் அவள் முகத்தில்.

எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. எங்களுக்கு அப்படி என்ன இருக்கிறது? ஒருமுறை ரஹ்மான் நிகழ்ச்சியில் நுழைவுச்சீட்டின் பின்பக்கத்தில் இருட்டிலேயே பாடல்களை எழுதிக்கொண்டு வந்தேன். 18க்குப் பிறகு எழுத்தின் மேல் எழுத்து விழுந்து, மறுநாள் எனக்கே புரியவில்லை. அன்று ‘புது வெள்ளை மழை’யைப் பாடினார்கள் என்று அண்ணன் சத்தியம் செய்கிறார். பாடவில்லை என்பது என் நினைவு. அந்த நிகழ்ச்சியைப் பற்றி ஓர் இதழில் வந்த செய்தியைத் தேடிப் படித்தேன். ‘ரசிகர்கள் இசை மழையில் நனைந்தனர்’ என்று இருந்தது, மூன்று பாடல்களின் பெயர் இருந்தது, அதிலும் ஒன்று அன்று யாரும் பாடாதது. சாப்பாட்டுக் கணக்கு இன்றுவரை தீரவில்லை. பணம் பத்து வெள்ளி இருக்குமோ என்னவோ. அன்று என்ன நடந்தது என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

பட்டியல் எங்குமே இல்லை என்பதும் சரியில்லை. வாத்தியக்காரர்கள் காலடியில் ஒட்டி வைத்திருப்பார்கள், ஒலி, ஒளி பார்ப்பவர்கள் கையில் வைத்திருப்பார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் அது குப்பைக்குப் போகிறது.

அது இருந்தால் பேச்சுக்கே ஒரு பிடிமானம் வரும். 2017 ஜூலையில் லண்டன் வெம்பிளியில் ரஹ்மான் பாடியபோது, தமிழ்ப் பாடல்கள் அதிகம் என்று இந்தி ரசிகர்கள் சிலர் நடுவிலேயே எழுந்து போனார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களும் உண்டு. நிகழ்ச்சியின் பெயரே ‘நேற்று இன்று நாளை’. எத்தனை தமிழ், எத்தனை இந்தி என்று பிறகு பலர் ஒவ்வொரு பாட்டாக எண்ணிப் பார்த்துத்தான் பதில் சொன்னார்கள். தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றாக இருக்கும் நம் ஊரிலும், எத்தனை பாடல்கள் தமிழில் வந்தன என்ற கேள்வி நிகழ்ச்சி முடிந்து ரயிலில் ஏறும்போதே தொடங்கிவிடுகிறது. ஆளுக்கொரு எண்ணிக்கை சொல்கிறார்கள்.

நாளிதழில் வந்தால் அது நிலைக்கும். தேசிய நூலக வாரியம் பழைய செய்தித்தாள்களை ‘நியூஸ்பேப்பர்எஸ்ஜி’ இணையத்தளத்தில் சேர்த்து வைத்திருக்கிறது, தமிழ் இதழ்களும் அதில் இருக்கின்றன. இன்று நீங்கள் அச்சிடும் 30 வரிகளை முப்பது வருஷம் கழித்தும் ஒருவர் தேடி எடுக்கலாம். பாட்டின் முதல் வரி, படம், எழுதிய கவிஞர், முதலில் பாடியவர், அன்று மேடையில் பாடியவர். முழுதாகப் பாடினார்களா, பல்லவியோடு விட்டுவிட்டார்களா என்பதும் இருந்தால் எனக்கு இன்னும் நிறைவு. கவிஞர் பெயரை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். மேடையில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை.

செய்தியாளருக்கு இருட்டில் எழுதுவது சிரமமாக இருந்தால் நான் உதவத் தயார். மகள் எனக்குச் சின்ன விளக்கு பொருத்திய பேனா ஒன்று வாங்கித் தந்திருக்கிறாள். அடுத்த முறை ரஹ்மான் வரும்போது நானும் அண்ணனும் அருகருகே உட்கார்ந்து தனித்தனியாக எழுதி, வெளியே வந்ததும் ஒப்பிட்டுச் சரிபார்த்து, மறுநாள் காலைக்குள் உங்களுக்கு அனுப்பிவிடுவோம்.

இப்படிக்கு,
ஈசூனிலிருந்து ஒரு வாசகி