மீன்பிடிச் சுற்றுலாவைப் பாறையிலிருந்து படகுத்துறைக்கு மாற்றுங்கள்

மேற்கு சிட்னித் தமிழ்ச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும், வாட்ஸ்அப்பில் மீன்பிடிக் குழு நடத்தும் அண்ணன் தம்பிகளுக்கும்,

வணக்கம்.

அக்டோபரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியதும் நம் குழுக்களில் "இந்த ஞாயிறு எங்கே போகலாம்?" என்ற பேச்சு தொடங்கிவிடும். போன வாரம் ஒரு குழுவில் வந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். சிட்னிக்குத் தெற்கே ஒரு பாறைத் திட்டைக் குறிப்பிட்டு, "முதல்முறை வருபவர்களும் வரலாம், தூண்டில் நாங்கள் தருகிறோம், குடும்பத்தோடு வாருங்கள்" என்று போட்டிருந்தார்கள். நல்ல மனதோடு போட்டதுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்: முதல்முறை வருகிறவர்களைத் தயவுசெய்து பாறைக்குக் கூட்டிப் போகாதீர்கள்.

நான்கு வருடங்களுக்கு முன் நானும் ஒரு நண்பரும் அதே மாதிரி ஒரு பாறையில் நின்றோம். வெயில் பளிச்சென்று அடித்தது, காற்று இல்லை. கடல் குளம் போலக் கிடந்தது. ஒரு மணி நேரம் காலடியில் தண்ணீர்கூடத் தெறிக்கவில்லை. நண்பர் குனிந்து இரைப் பெட்டியைத் திறந்தார். அப்போது வந்த ஓர் அலை எங்கள் இடுப்பு உயரத்துக்கு ஏறியது. எனக்குப் பின்னால் ஒரு பிளவு இருந்ததால் கையை உள்ளே விட்டுப் பிடித்துக்கொண்டேன். அவர் வழுக்கி, பாறையின் விளிம்புவரை இழுபட்டு, கடலுக்குள் விழுந்துவிட்டார். பக்கத்துத் திட்டில் நின்ற ஒரு முதியவர், கம்பத்தில் மாட்டியிருந்த மிதவை வளையத்தை எடுத்து எறிந்தார். அந்த வளையம் அங்கே இருந்ததால்தான் நண்பர் இன்று இருக்கிறார். அவருடைய முழங்கால் முதல் மார்புவரை பாறைச் சிப்பிகள் கிழித்த தழும்பு இப்போதும் மாறவில்லை. அன்று அவர் போட்டிருந்தது ஜீன்ஸும் சாதாரண ஸ்போர்ட்ஸ் ஷூவும். இருவரிடமும் லைஃப் ஜாக்கெட் இல்லை. அது வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

கரைக்கு வரும் அலை எல்லாம் ஒரே உயரத்தில் வருவதில்லை. வானிலை நிலையம் அலை உயரம் ஒன்றரை மீட்டர் என்று சொன்னால் அது ஒரு வகைச் சராசரிதான். அதைப்போல இரண்டு மடங்கு உயர அலையும் இடையில் வரலாம் என்று அந்த நிலையமே சொல்கிறது. இருபது நிமிடம் பார்த்துவிட்டு "கடல் அமைதியாக இருக்கிறது" என்று இறங்குகிறவருக்கு அந்தப் பெரிய அலை கண்ணிலேயே பட்டிருக்காது. பாறையில் பழகியவர்கள் குறைந்தது அரை மணி நேரம் மேட்டில் நின்று பார்ப்பார்கள். பாறை கருத்து, ஈரமாக, பச்சைப் பாசியோடு இருந்தால் அலை அங்கே வரை வந்து போகிறது என்று அவர்களுக்குத் தெரியும். கடலுக்கு முதுகு காட்ட மாட்டார்கள். முள் பொருத்திய காலணி போட்டிருப்பார்கள். இதெல்லாம் ஆண்டுக்கணக்கில் வருகிற பழக்கம். நேற்று சூப்பர்மார்க்கெட்டில் தூண்டில் வாங்கிய ஒரு தம்பியிடம் ஒரே காலையில் இதை எதிர்பார்க்க முடியாது.

இங்கே பாறையில் உயிர் விட்டவர்களில் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் பலர். பாறையில் தொடரும் இறப்புகளைத் தடுக்கத்தான் நியூ சவுத் வேல்ஸ் அரசு 2016-இல் பாறை மீன்பிடிப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. அறிவிக்கப்பட்ட நகராட்சிப் பகுதிகளில் பாறையில் நின்று மீன் பிடிப்பவரும், அவருக்கு உதவுகிறவரும், கூட வரும் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளும் லைஃப் ஜாக்கெட் போட வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். முதலில் நடைமுறைக்கு வந்தது மரூப்ரா, லிட்டில் பே எல்லாம் உள்ள ராண்ட்விக் பகுதியில். பழகியவர்கள் எந்தப் பாறைக்குப் போனாலும், சட்டம் இருக்கிறதா என்று பார்க்காமல் ஜாக்கெட் போட்டுக்கொண்டே போங்கள். யாராவது விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். மிதக்கிற எதையாவது எறிந்துவிட்டு 000-ஐ அழையுங்கள். விழுந்தவர் பாறையில் ஏற முண்டாமல், பாறையை விட்டுச் சற்று வெளியே நீந்தி மிதக்க வேண்டும், அலை அடித்து உடைப்பது பாறையோரத்தில்தான். இந்த நான்கு வரியைத் தமிழில் எழுதி எல்லாக் குழுவிலும் மேலே பின் செய்து வையுங்கள்.

சரி, பாறை வேண்டாம் என்றால் எங்கே போவது? கழிமுகங்கள் இருக்கின்றன. ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையில் ப்ரூக்ளின் என்று ஓர் ஊர், ரயிலை விட்டு இறங்கினால் நடக்கும் தூரத்தில் தண்ணீர். கார் இல்லாத மாணவர்கள்கூடத் தூண்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு போகலாம். அதே ரயில் பாதையில் இன்னும் கொஞ்சம் போனால் வோய் வோய். தெற்குப் பக்கம் ஜார்ஜஸ் ஆறும் பாட்டனி பேயும். பாட்டனி பேயில் 2002 முதல் வியாபார வலைகள் கிடையாது, நம்மைப் போலப் பொழுதுபோக்காக மீன் பிடிப்பவர்களுக்கென்றே ஒதுக்கிய நீர் அது. ஒதுக்குவதற்கான பணமும் நாம் கட்டும் மீன்பிடிக் கட்டணத்திலிருந்துதான் போனது.

அமைதியான நீரில் புதியவருக்கு மீன் கிடைக்காது என்று சிலர் சொல்வதுண்டு. வற்றத்தின், அதாவது கடல் நீர் வடியும் நேரத்தின், பின்பாதியில் ஒரு மணல் திட்டின் ஓரத்தில் நின்று பாருங்கள். திட்டின் மேல் மேய்ந்த சின்ன மீன்களும் இறால்களும் தண்ணீர் வடிய வடியக் கால்வாய்க்குள் இறங்கும். கால்வாய் ஆழமாகிற இடத்தில் ஃப்ளாட்ஹெட் என்ற தட்டைத்தலை மீன் மணலில் புதைந்து, வாயை மேல் நோக்கி வைத்துக் காத்திருக்கும். மூன்று அங்குல ரப்பர் மீனை முள் பொருத்திய ஏழு கிராம் ஈயத் தலையில் மாட்டி, நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கம் வீசி, அடி தொட்டதும் தூண்டில் நுனியை இரண்டு முறை மேலே தட்டிவிட்டு மறுபடி அடி தொடும்வரை சும்மா விட வேண்டும். புதியவர்கள் தவறுவது இந்தச் சும்மா விடுவதில்தான். சுற்றிக்கொண்டே இருப்பார்கள். ஃப்ளாட்ஹெட் பெரும்பாலும் இரை கீழே விழும்போதுதான் அடிக்கும். பிடித்த பிறகு கன்னத்து முள்ளில் கவனம், ஈரத் துணியைப் போட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள்.

ஏற்றம் வந்து நீர் உயர்ந்தால் அதே மணல் திட்டின் மேல் கிழங்கான் வரும். ஆமாம், நம் ஊர்க் கிழங்கானேதான், இங்கே வைட்டிங் என்கிறார்கள், இனம் கொஞ்சம் வேறு, குடும்பம் ஒன்று. மெல்லிய தூண்டில் நரம்பு, சின்னத் தூண்டில் முள், உயிருள்ள புழு, அல்லது மணலில் பம்ப் போட்டு எடுக்கும் நிப்பர் என்ற இறால் போன்ற சின்ன உயிர். (எங்கள் குழுவில் யாழ்ப்பாணத்து நண்பர் நரம்பைத் தங்கூசி என்பார். அந்தச் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும்.) முழங்கால் ஆழத் தண்ணீரில் பிள்ளைகள்கூடப் பிடித்துவிடுவார்கள். முதல் கிழங்கானைப் பிடித்த பிள்ளையின் முகத்தை ஒரு தடவை பார்த்தால் பாறை ஞாபகமே வராது.

மீன் கிடைக்கத் தொடங்கியதும் அடுத்த விஷயம் அளவு. நம்மவர்களில் பலருக்குச் சிக்கல் வருவது இங்கேதான், வேண்டுமென்றே செய்வதில்லை, தெரிவதில்லை. டஸ்கி ஃப்ளாட்ஹெட் 36 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, 70-ஐத் தாண்டவும் கூடாது, ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து. மேல் எல்லை எதற்கு என்று கேட்பார்கள். அந்தப் பெரிய மீன்கள் பெரும்பாலும் முட்டையிடும் பெண் மீன்கள், அவற்றை விட்டால்தான் அடுத்த வருடம் ஆற்றில் குஞ்சு இருக்கும் என்று சொல்லுங்கள். மணல் கிழங்கானுக்கு 27, ப்ரீமுக்கு 25. மல்லோவே என்ற பெரிய மீன் 70 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் ஒன்றே ஒன்று. அளவு விதி உள்ள மீனைத் தண்ணீர்க் கரையிலேயே துண்டு போட்டுவிடக் கூடாது, அதிகாரி வந்தால் அளக்க முழு மீன் இருக்க வேண்டும். வாளிக்குள் போடும் முன்பே அளக்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே கொண்டுவந்துவிடுங்கள்.

கட்டணமும் அப்படித்தான். மூன்று நாளுக்கு 7 டாலர், ஒரு மாதத்துக்கு 14, வருடத்துக்கு 35. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வேண்டியதில்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, "நான் சும்மா பேரனோடு உட்கார்ந்து தூண்டில் பிடித்திருக்கிறேன்" என்றாலும் அவருக்கும் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவருக்கு அப்படி அபராதம் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் தண்ணீர் பக்கமே வரவில்லை. மூன்று மாதம் இங்கே தங்கியிருந்தவருக்கு அந்த மாலைகள்தான் ஒரே ஆறுதல். அவருக்கு முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்கலாம் என்பது எனக்கு இன்னும் வருத்தம்.

இன்னொன்றைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை, நேரடியாகவே சொல்கிறேன். நம்மவர்கள் ஹோம்புஷ், ரோட்ஸ், மெடோபேங்க் பக்கம் பரமட்டா ஆற்றில் பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்கிறார்கள். சிட்னி துறைமுகப் பாலத்துக்கு மேற்கே பிடித்த மீன், நண்டு, இறால் எதையும் உண்ணக் கூடாது என்று அரசு அறிவுறுத்தியிருக்கிறது. அந்தக் கரையில் முன்பு இருந்த ரசாயனத் தொழிற்சாலைகளின் டையாக்ஸின் என்ற நச்சு அடிச்சேற்றில் தங்கிவிட்டது. அது மீனின் கொழுப்பில் சேரும், கழுவினாலும் கொதிக்க வைத்தாலும் போகாது. துறைமுகத்தில் வியாபார மீன்பிடியை 2006-லேயே நிறுத்திவிட்டார்கள். பாலத்துக்குக் கிழக்கே பிடித்ததையும் பொதுவாக மாதத்துக்கு 150 கிராமுக்கு மேல் வேண்டாம் என்பதே அறிவுரை. பாலத்துக்கு மேற்கே தூண்டில் போட்டாலும் பிடித்ததை விட்டுவிடுங்கள். கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் உள்ள வீடுகளுக்கு இதை நீங்கள் சொல்லாவிட்டால் வேறு யார் தமிழில் சொல்வார்கள்?

கழிமுகத்தில் கிடைக்கும் பேத்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உருண்டையாக வயிற்றை ஊதிக் காட்டும் அதே பேத்தை, விஷம். பிள்ளைகள் அதை விளையாட்டாகப் பையில் போட்டுவிடாமல் பாருங்கள். மட்டியும் அப்படி ஒரு விஷயம். கடற்கரை மணலில் காலால் துழாவினால் கிடைக்கும் மட்டியைப் பார்த்ததும் நம் நாக்கில் ஊறும். இந்த மாநிலத்தில் அதை இரைக்கு மட்டும்தான் எடுக்கலாம், அதுவும் ஐம்பது வரை, கரையை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது.

இரை என்றதும் ஞாபகம் வருகிறது. சூப்பர்மார்க்கெட்டில் விற்கும் வெளிநாட்டு உறைந்த இறாலைத் தூண்டிலில் மாட்டாதீர்கள், மிச்சத்தைத் தண்ணீரில் கொட்டாதீர்கள். அதில் வெண்புள்ளி நோய்க் கிருமி இருக்கலாம். மனிதருக்கு ஒன்றும் செய்யாது, இறாலைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும். 2016-இல் குயின்ஸ்லாந்தின் லோகன் ஆற்றோர இறால் பண்ணைகளை இந்த நோய் காலி செய்தது, 2022-இல் நம் மாநிலத்தின் க்ளாரன்ஸ் ஆற்றுப் பகுதியிலும் வந்தது. இரைக்கடையில் இரைக்கென்று விற்பதையே வாங்குங்கள்.

ஆற்று மீன் பிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. பென்ரித் பக்கம் நேப்பியன் ஆற்றில் பாஸ் மீனை மே முதல் ஆகஸ்ட் வரை எடுக்க முடியாது, அப்போது அது முட்டையிட உப்பு நீரை நோக்கி இறங்கும். உள்நாட்டு ஆறுகளில் மரே காட் மீனைச் செப்டம்பர் முதல் நவம்பர் வரை பிடிக்கக் கூடாது. ஆனால் ஐரோப்பியக் கெண்டைக்கு எல்லையே இல்லை. ஆற்றைக் கலக்கிக் கெடுக்கும் மீன் என்று உள்ளூர்க்காரர்கள் அதைத் தூக்கி எறிகிறார்கள். நமக்கோ கெண்டைக் குழம்பு அம்மா கையில் சாப்பிட்டது. நடு முள்ளோடு குறுக்கே நெருக்கமாகக் கீறி, நல்ல புளி விட்டு வைத்தால் அந்த முள் எல்லாம் இளகிவிடும். சங்கச் சமையல் போட்டிக்கு இதை ஒரு பிரிவாக வைக்கலாம் என்பது என் ஆசை.

உங்களிடம் கேட்பது இதுதான். பாறைக்குப் போகும் அறிவிப்பை எடுத்துவிட்டு, நவம்பரில் ஒரு சனிக்கிழமையைக் குறியுங்கள். காலை ஆறு மணிக்கு ப்ரூக்ளின் படகுத்துறை. முதல் ஒரு மணி நேரம் தூண்டில் போட வேண்டாம். முடிச்சு போடுவது, அளவு பார்ப்பது, வற்றம் ஏற்றம் பார்ப்பது, லைஃப் ஜாக்கெட் வாரைச் சரியாக இறுக்குவது, இவ்வளவுதான். அப்புறம் மீன் பிடிக்கலாம். என்னிடம் எட்டுத் தூண்டில்களும் ஆறு லைஃப் ஜாக்கெட்டுகளும் இருக்கின்றன, அவற்றில் நான்கு சிறுவர் அளவு. அளவுக் கோடு போட்ட ஒட்டுத்தாளைத் தமிழ்ப் பெயர்களோடு நானே அச்சடித்துக் கொண்டுவருகிறேன். பாறையில் விழுந்து பிழைத்த என் நண்பர் கற்றுக்கொடுக்க வருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டவும் தயார் என்றார்.

வற்றம் காலை எட்டரை ஒன்பதுக்கு முடிகிற சனிக்கிழமையாகப் பார்த்து நாள் சொல்லுங்கள். அந்த நேரத்தில்தான் ஃப்ளாட்ஹெட் நன்றாகக் கடிக்கும்.

அன்புடன்,
ப்ளாக்டவுனிலிருந்து ஒரு மீன்பிடி அன்பன்