எட்டு ஆட்டம் பாடப்போகும் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

இசை நாடகத்தில் பாட வாய்ப்பு வந்திருக்கிறது, வாரத்துக்கு எட்டு ஆட்டம் என்று எழுதியிருக்கிறாய். ஆறு ராத்திரி, இரண்டு மேட்டினி. ஒப்புக்கொள்ளட்டுமா என்று கேட்கிறாய். பதில் சொல்வதற்கு முன்னால், அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் டாட் டங்கன் இதே எட்டு ஆட்டத்தை எப்படிப் பாடினார் என்று சொல்கிறேன். அவர் பாடியபோது மைக் கிடையாது. ஆப்பெரா என்றால் பாட்டாலேயே நடத்தும் மேலைநாட்டு இசைநாடகம்; அமெரிக்காவின் பெரிய ஆப்பெரா கம்பெனிகள் கறுப்பினத்தவரை மேடையேற்றாத காலமும் அது.

டங்கன் 1903-ல் கென்டக்கி மாநிலத்து டான்வில்லில் பிறந்தவர்; பாரிட்டோன், அதாவது ஆண்களின் நடுத்தரக் குரல். 1930-லிருந்து வாஷிங்டனில் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் இசை ஆசிரியர். 1934-ல் நியூயார்க்கில் 55-ம் தெருவில் உள்ள மெக்கா டெம்பிள் அரங்கில், முழுக்கக் கறுப்பினப் பாடகர்களே சேர்ந்து போட்ட இத்தாலிய ஆப்பெராவில் ஆல்ஃபியோ என்ற வேடத்தில் பாடினார். இந்த அரங்கின் பெயரை நினைவில் வைத்துக்கொள். அடுத்து இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வின் தன் புது ஆப்பெராவுக்காக அழைத்தார். டங்கன் பாடிக் காட்டியது பழைய இத்தாலியப் பாட்டு ஒன்று. நாலு வரி தாண்டவில்லை, அதன் நாயகன் போர்கி வேடம் அவருக்கு என்று முடிவாகிவிட்டது. 1935 அக்டோபர் 10-ம் தேதி ஆல்வின் தியேட்டரில் ‘போர்கி அண்ட் பெஸ்’ தொடங்கியது.

போர்கி கால் விளங்காதவன். ஆட்டுவண்டியில் வருவான், மற்ற நேரமெல்லாம் முழங்காலில்தான். நீ பாட்டுக்காரி, இதை உடம்பால் யோசித்துப் பார். முழங்காலிட்டுப் பாடுகிறவருக்கு முதலில் வரும் கேடு, களைப்பில் பிட்டம் குதிகாலில் போய் உட்கார்ந்துவிடுவது. உட்கார்ந்ததும் அடிவயிறு மடங்கும், மூச்சு மேலே நெஞ்சில் நின்றுவிடும், நீள வரி பாதியில் அறுந்துபோகும். தொடை செங்குத்தாக நிற்க வேண்டும், இடுப்பு முன்னால் வர வேண்டும், விலா விரிந்தே இருக்க வேண்டும். இரண்டாவது கேடு இன்னும் நைசானது. மேடையில் எல்லோரும் நிற்கிறார்கள், இவர் மட்டும் தாழ இருக்கிறார். காதலி பெஸ்ஸின் முகத்தைப் பார்க்க மோவாய் தானாக மேலே போகும். மோவாய் ஏறினால் குரல்வளையும் கூடவே ஏறும், மேல் ஸ்வரம் நெரிபடும். கண்தான் மேலே போக வேண்டும், மோவாய் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். உன் வேடத்தில் தரையில் உட்கார்ந்தோ படுத்தோ பாடும் இடம் இருந்தால் ஒத்திகையின் முதல் நாளிலிருந்தே அதே நிலையில் பாடிப் பழகு. பியானோ பக்கத்தில் நின்று பழகிவிட்டுக் கடைசி வாரத்தில் தரைக்கு இறங்கினால் மூச்சுக்கணக்கு எல்லாமே மாறிவிடும்.

பாஸ்டனில் முன்னோட்டமாகப் போட்டபோது நாடகம் நாலு மணி நேரத்தைத் தொட்டது. நியூயார்க் வருவதற்குள் நிறைய வெட்டினார்கள். வெட்டுப்பட்டவற்றில் போர்கி பாடும் கனத்த பாட்டு ஒன்றும் உண்டு, வல்லூறைப் பார்த்துப் பாடுவது. நல்ல பாட்டுதான். ஆனால் ஆப்பெரா பாடகர்கள் இப்படிப்பட்ட வேடத்தை வாரத்தில் இரண்டு மூன்று தடவைக்கு மேல் பாடுவதில்லை. இங்கே எட்டு. அப்படி 124 ஆட்டம், பதினைந்து வாரத்துக்கு மேல். ஒரு பாட்டை விட்டுக்கொடுத்து மிச்சக் குரலைக் காப்பாற்றியதில் குறையொன்றும் இல்லை. 1952-ல் இதே நாடகத்தை மறுபடி எடுத்துப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனவர்கள் போர்கிக்கும் பெஸ்ஸுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட பாடகர்களை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பாடவைத்தார்கள்.

இப்போது 1936-க்கு வா. நியூயார்க்கில் போட்ட பணம் திரும்பவில்லை, கம்பெனி ஊர் ஊராகக் கிளம்பியது. கடைசி ஊர் வாஷிங்டன், நேஷனல் தியேட்டர். கறுப்பினத்தவருக்கு அங்கே டிக்கெட் கிடையாது. டங்கன் அந்த ஊரிலேயே பேராசிரியர் என்பதை மறந்துவிடாதே. அவருடைய மாணவர்களே அவர் பாட்டைக் கேட்க உள்ளே வர முடியாது. பாட மாட்டேன் என்றார். பெஸ்ஸாகப் பாடிய ஆன் பிரவுனும் மாட்டேன் என்றார். நிர்வாகம் படிப்படியாக இறங்கி வந்தது. மேட்டினிக்கு மட்டும் விடுகிறோம் என்றார்கள், அப்புறம் மேல் பால்கனியில் இடம் தருகிறோம் என்றார்கள். டங்கன் எதையும் ஏற்கவில்லை. காசு கொடுத்தவர் எந்த நாற்காலியிலும் உட்காரலாம் என்று ஒத்துக்கொண்ட பிறகே நாடகம் நடந்தது. அந்த ஆட்டங்கள் முடிந்ததும் தியேட்டர் பழைய வழக்கத்துக்கே போய்விட்டது. 1948-ல், கறுப்பினத்தவரை உள்ளே விடுவதைவிட நாடகத்தையே நிறுத்திவிடலாம் என்று அதைச் சினிமாக் கொட்டகையாக மாற்றினார்கள். 1952-ல்தான் எல்லோருக்கும் திறந்துவிட்ட நாடக அரங்காக மீண்டும் வந்தது. பதினாறு வருஷம், கண்ணம்மா. டங்கன் அத்தனை உறுதியாக நிற்க முடிந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். ஹாவர்டில் அவர் வேலை இருந்தது. மேடையை மட்டும் நம்பிப் பிழைக்கிறவருக்கு ‘மாட்டேன்’ என்ற சொல் அவ்வளவு சுலபமாக வாயில் வராது. நீ பாட்டு வகுப்பை விடக்கூடாது என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதற்காகத்தான்.

1942-ல் மெஜஸ்டிக் தியேட்டரில் மறுபடியும் போர்கி. இந்தத் தடவை வாத்தியக் குழுவைச் சுருக்கிவிட்டார்கள், பாடிப் பேசும் பகுதிகளை வெறும் வசனமாக்கிவிட்டார்கள். 286 ஆட்டம் ஓடியது. வசனமானால் தொண்டைக்கு ஓய்வு என்று எல்லோரும் சொல்வார்கள், நீ நம்பாதே. பாட்டில் சுருதி உன்னைத் தாங்கும். பேச்சில் உணர்ச்சி ஏற ஏறக் குரலைக் கீழே அமுக்கி நெஞ்சிலிருந்து தள்ளுவாய், கோபமான காட்சி என்றால் தொண்டை இறுகும். அந்த இறுக்கத்தோடேயே அடுத்த பாட்டின் முதல் ஸ்வரத்தைப் பிடிக்க வேண்டும். தொண்டை கட்டுவது பெரும்பாலும் வசனத்தால்தான். பாடும் சுருதிக்குக் கொஞ்சம் கீழே, அதே மூச்சில் பேசப் பழகு. பாட்டுக்கு முந்தைய கடைசி வசனத்தையும் பாட்டோடு சேர்த்தே ஒத்திகை பார்.

டங்கனுக்கு இது 1949-ல் ‘லாஸ்ட் இன் த ஸ்டார்ஸ்’ நாடகத்தில் முழுசாக வந்தது. ஜோஹன்னஸ்பர்க்கில் தொலைந்த மகனைத் தேடிப் போகும் பாதிரியார் ஸ்டீபன் குமாலோ, பேச்சும் பாட்டும் மாறி மாறி வரும் வேடம். இசை கர்ட் வைல். மேடைக்கு முன்னால் வாத்தியக் குழியில் பன்னிரண்டே வாத்தியக்காரர்கள், வயலின் ஒன்றுகூடக் கிடையாது, வில் வாத்தியங்களில் வயோலா, செல்லோ, டபுள் பேஸ் போன்ற கனத்த நாதக்காரர்கள்தான். மேலே மினுங்கும் நாதம் இல்லாததால் பாரிட்டோன் குரல் அடிபடாமல் நிற்கிறது. அதே சமயம் அந்த இருட்டு நாதத்தோடு குரலும் கலந்து மங்கிவிடாமல் இருக்க, சொற்களைத் துல்லியமாக உதட்டில் வைக்க வேண்டும்.

நடுவில் விட்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகப் பிடித்தது. 1945 செப்டம்பர் 28, நியூயார்க் சிட்டி ஆப்பெரா. அந்த வெள்ளையர் கம்பெனி போட்ட ‘பாலியாச்சி’ என்ற இத்தாலிய ஆப்பெராவில் டோனியோ வேடம் டங்கனுக்கு. பெரிய அமெரிக்க ஆப்பெரா கம்பெனியோடு பாடிய முதல் கறுப்பினத்தவர் அவர். டோனியோ யார் தெரியுமா? திரை தூக்குவதற்கு முன்னால் தனியாக வெளியே வந்து, நடிகர்களும் உங்களைப்போல ரத்தமும் சதையுமான மனிதர்கள்தான் என்று சபையைப் பார்த்துப் பாடுகிறவன். ஆட்டத்தின் முதல் குரலே அவனுடையது, தொண்டையைச் சூடாக்கிக்கொள்ள ஒரு வரிகூடக் கிடையாது. முடிவில் ஸ்கோரில் இல்லாத மேல் ஸ்வரங்களைப் பாடுவது மரபு, சபையும் அதற்காகவே காத்திருக்கும். அது நடந்த இடம் சிட்டி சென்டர். அந்தக் கட்டடத்தின் பழைய பெயர்தான் மெக்கா டெம்பிள். 1934-ல் தன் மக்களோடு மட்டும் பாடிய அதே கட்டடத்துக்குள் இன்னொரு கம்பெனியோடு பாட வருவதற்குப் பதினோரு வருஷம்.

நியூயார்க்கின் மிகப் பெரிய கம்பெனியான மெட்ரோபாலிட்டன் ஆப்பெராவில் 1955 ஜனவரியில்தான் கறுப்பினப் பாடகர்களான மரியன் ஆண்டர்சனும், பின்னாலேயே ராபர்ட் மக்ஃபெரினும் பாடினார்கள். மரியனுக்கு அப்போது 57 வயது. டங்கன் அங்கே பாடவே இல்லை. குரலுக்கு வயது உண்டே, அந்த வருஷங்களை யாரால் திருப்பித் தர முடியும்? நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன் இவற்றைக் கேட்டு, எழுத்தில் வாங்கு: உனக்கு மாற்றாகப் பாடுகிறவர் யார், அவருக்கு எத்தனை ஒத்திகை கொடுப்பார்கள், பாட்டுகளின் சுருதியை உனக்காக அரைக்கட்டை இறக்குவார்களா, இரண்டு ஆட்டம் உள்ள நாட்கள் அடுத்தடுத்து வருமா, அந்த நாளில் நடுவே எத்தனை மணி நேரம். மாற்று ஆள் இல்லை என்றால் வேண்டாம். மற்றதெல்லாம் பேசித் தீர்க்கலாம்.

டங்கனும் ஆன் பிரவுனும் 1940-ல் டெக்கா கம்பெனிக்குப் பாடிய இசைத்தட்டுகள் கிடைக்கும். அவர் வரியின் கடைசி எழுத்தில் மூச்சை எப்படி விடுகிறார் என்பதை மட்டும் பத்துத் தடவை கேள். மேட்டினிக்கும் ராத்திரி ஆட்டத்துக்கும் நடுவில் என்ன சாப்பிடப்போகிறாய் என்று எழுது. எண்ணெய்ப் பலகாரமும் தயிரும் அந்த நேரத்தில் வேண்டாம்.

அன்புடன்,
அம்மா