‘பேஜில போட்டனாங்கள்தானே’: வன்னியின் அரச அலுவலகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பிரதேச செயலாளர்கள், வலயக் கல்விப் பணிப்பாளர்கள், பிரதேச சபைச் செயலாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஏ9 வீதியிலிருந்து உள்ளே பிரிந்து போகிற ஒரு சந்தியில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். 2012 இலிருந்து இதே இடம்தான். இரண்டு கணினி, ஒரு பிரின்டர், ஒரு லமினேற்றர். உங்கள் கந்தோர்களுக்குப் போகிற சனத்தில் அரைவாசிப்பேர் முதலில் என்னிடம் வருவார்கள். படிவம் எடுக்க வேண்டும், நிரப்ப வேண்டும், அடையாள அட்டை கொப்பி அடிக்க வேண்டும். உங்கள் அறிவித்தல்கள் சனத்திடம் எப்படிப் போய்ச் சேருகின்றன, எந்த இடத்தில் நின்றுவிடுகின்றன என்பதை நான் ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். எந்த அலுவலகத்தின் பெயரையும் இங்கே எழுதவில்லை. கீழே எழுதுவது ஓர் அலுவலகத்தில் நடந்தது. ஆனால் நடைமுறை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பது உங்களுக்கே தெரியும்.

நான் கேட்பது ஒன்றைத்தான். நீங்கள் வெளியிடும் ஒவ்வோர் அறிவித்தலுக்கும் இணையத்தில் மாறாத முகவரி ஒன்று தாருங்கள். யாரும் கணக்குத் திறக்காமல், கடவுச்சொல் போடாமல், இன்றைக்கும் பத்து வருடம் கழித்தும் அதைத் திறந்து வாசிக்கக்கூடியதாக இருக்கட்டும்.

ஐப்பசி மழை தொடங்கிய கிழமை, ஒரு வியாழக்கிழமை, அறுபது வயது தாண்டிய அம்மா ஒருவர் கடைக்கு வந்தார். கையில் ஒரு சொப்பிங் பை, அதற்குள் இன்னொரு பை, அதற்குள் மடித்துச் சுற்றிய பொலித்தீன். ஒவ்வொன்றாகப் பிரித்து மேசையில் வைத்தார். உள்ளே மகனின் பிறப்புச் சான்றிதழ். அதைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில் பென்சிலால் ஓர் இலக்கம். அவர்களுடைய காணிப் பேமிற்றின், அதாவது காணி அனுமதிப்பத்திரத்தின், இலக்கம் அது. இறுதிப் போரில் வீட்டை விட்டு வெளிக்கிட்ட அன்று, பேமிற் தொலைந்தாலும் இலக்கமாவது இருக்கட்டும் என்று கணவர் எழுதி வைத்தாராம். விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை, மாத்தளன் என்று ஒவ்வோர் இடமாக விட்டுவிட்டு ஓடியதில் பேமிற் போய்விட்டது. கணவரும் போய்விட்டார். 2009 இல் செட்டிகுளம் முகாமுக்குள் போகும்போது அவருடைய கையில் மிஞ்சியது இந்த ஒரு தாள். பென்சில் மங்கி, கடைசி இலக்கம் மூன்றா எட்டா என்று வெளிச்சத்தில் சரித்துப் பிடித்துத்தான் பார்க்க முடிந்தது.

“தம்பி, பேமிற் துலைஞ்ச ஆக்களுக்குக் கந்தோரில ஒரு நாள் வச்சுப் பதியினமாம். பெறாமகன் போனில கண்டவன். எப்பவெண்டு ஒருக்காப் பார் ராசா.”

பார்த்தேன். செவ்வாய்க்கிழமை நடந்து முடிந்துவிட்டது.

ஆனாலும் அவர் கந்தோருக்குப் போனார். மத்தியானம் திரும்பி வந்து கடை வாங்கில் இருந்தார். தண்ணீர் கொடுத்தேன். “பேஜில போட்டனாங்கள்தானே அம்மா, பார்க்கேல்லையோ எண்டு கேக்கினம்” என்றார். அவரிடம் இருப்பது பட்டன் போன். அதிலும் கதைக்கும் பொத்தான் ஒன்றுதான் அவருக்குத் தெரியும். பிறகு சான்றிதழை மறுபடியும் பொலித்தீனில் சுற்றி, பைக்குள் வைத்து, அந்தப் பையை மற்றப் பைக்குள் வைத்தார். கோபமாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் இந்த மடலை எழுதத் துணிந்தேன்.

அந்த அறிவித்தல் எப்படிப் போடப்பட்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு, சமூக வலைத்தளப் பக்கம் ஒன்றில், அச்சடித்த கடிதத்தை மேசையில் வைத்துக் கைத்தொலைபேசியால் எடுத்த படம். சரிந்த படம், அதன் நடுவில் எடுத்தவரின் கை நிழல். படத்துக்கு மேலே ஒரு வரிகூடத் தட்டச்சு செய்யப்படவில்லை. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி கண்டுபிடித்துத் தரும் என்று நம்பியிருக்க முடியாது. “காணி”, “அனுமதிப்பத்திரம்” என்று எதைப் போட்டுத் தேடினாலும் அது வரவில்லை. ஏன் படமாகப் போடுகிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். கடிதம் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டது. அதை அப்படியே இணையத்தில் ஒட்டினால் வாசிக்க முடியாத ஆங்கில எழுத்துக் குவியலாக வரும். ஒருங்குறியில், அதாவது எல்லாக் கணினியும் ஒரேமாதிரி வாசிக்கும் யூனிகோட் முறையில், தமிழ் 1991 இலிருந்து இருக்கிறது. பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, மாற்ற ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளப்படாததற்கு அந்த அம்மா கொடுத்த விலையை மேலே எழுதியிருக்கிறேன்.

கந்தோரின் சுவரில் இருக்கிற அறிவித்தல் பலகையில் ஒன்றை ஒட்டினால், வருகிறவர் எல்லாருக்கும் அது தெரியும். சமூக வலைத்தளம் அப்படி வேலை செய்வதில்லை. யாருக்கு எதை எப்போது காட்டுவது என்பதை அதை நடத்தும் நிறுவனம்தான் தீர்மானிக்கிறது. 2018 சனவரியில் முகநூல் நிறுவனம், நண்பர்களும் உறவினர்களும் எழுதுவதை முன்னுக்குக் கொண்டுவந்து, நிறுவனங்களின் பக்கங்கள் போடுவதைக் குறைத்துக் காட்டப்போவதாகப் பகிரங்கமாகவே அறிவித்தது. அரச அலுவலகத்தின் பக்கமும் ஒரு பக்கம்தான். காணி அறிவித்தலும் கலியாண வீட்டுப் படமும் போட்டியிட்டால் எது மேலே வரும் என்பது போன் வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். அதோடு, கணக்கு இல்லாதவர் இணைப்பைத் திறந்தால் உள்நுழையச் சொல்லி ஒரு பெட்டி வந்து மறிக்கும். அரசாங்கம் தன் குடிமக்களுக்குச் சொல்லும் செய்தியை வாசிக்க, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றில் கணக்கு வைத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது ஐயா?

நம் நாட்டில் சமூக வலைத்தளங்கள் 2018 மார்ச்சில் முடக்கப்பட்டன. 2019 இல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு முடக்கப்பட்டன. 2022 ஏப்ரல் 3 இல் மறுபடியும் முடக்கப்பட்டன. முடக்கியது அரசாங்கம். அந்த நாட்களில் அரச அலுவலகங்களின் அறிவித்தல்களும் சேர்ந்தே பூட்டப்பட்டன.

கதை இதோடு முடியவில்லை. மூன்று கிழமைக்குப் பிறகு, அந்த அம்மாவுக்காக ஒரு மேன்முறையீட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். அறிவித்தல் போட்ட திகதியைக் குறிப்பிடுவதற்காக நான் சேமித்து வைத்த இணைப்பை அமத்தினேன். பக்கமே இல்லை. விசாரித்தபோதுதான் தெரிந்தது. பக்கத்தைத் திறந்தவர் தன்னுடைய சொந்தக் கணக்கிலிருந்து திறந்தவர். அவருக்கு இடமாற்றம் வந்துவிட்டது. பழைய பக்கம் போய், அதே பெயரில் புதிய பக்கம் ஒன்று. முதல் பதிவே “எமது புதிய பக்கத்தை லைக் செய்யவும்”. ஆறு வருட அறிவித்தல்கள், பயனாளிகள் பட்டியல்கள், கேள்விக் கோரல்கள், எல்லாம் ஒருவருடைய இடமாற்றத்தோடு போய்விட்டன. அலுவலகக் கோவை ஒன்றை இடமாற்றமாகிப் போகிறவர் வீட்டுக்கு எடுத்துப் போக விடுவீர்களா? அந்தப் பையனில் எனக்குக் குறையில்லை. அவன் சம்பளமில்லாத வேலையாக, இரவிலும் இருந்து செய்தவன். அப்படி ஒருவனின் கணக்கை நம்பி ஓர் அலுவலகத்தின் பதிவேட்டை விட்டதுதான் பிழை.

என் கணினியில் “கந்தோர்” என்று ஒரு கோப்புறை இருக்கிறது. பதின்மூன்று வருடமாக உங்கள் படிவங்கள், சுற்றறிக்கைகள், விண்ணப்ப முடிவுத் திகதிகள் எல்லாவற்றையும் புக்மார்க் செய்து வைத்திருக்கிறேன். கணினி பழுதானாலும் இருக்கட்டும் என்று முக்கியமானவற்றைச் சீ.ஆர். கொப்பி ஒன்றில் கையாலும் எழுதுவேன். போன கிழமை ஒரு இரவு கடையைப் பூட்டிவிட்டு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அரைவாசிக்கு மேல் செத்துப் போயிருந்தன. சமூக வலைத்தள இணைப்புகள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். உங்கள் சொந்த இணையத்தளங்களைப் புதிதாக வடிவமைத்தபோதெல்லாம் பழைய முகவரிகள் முழுவதும் கைவிடப்பட்டிருக்கின்றன. சிலவற்றில் தமிழ்ப் பக்கம் திறக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை.

உலகம் முழுவதும் இந்த நோய் இருக்கிறது என்பதை நான் அறிவேன். 2013 இல் இணையத்தில் இருந்த பக்கங்களில் 38 சதவீதமானவை பத்து வருடத்தில் இல்லாமல் போய்விட்டதாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024 இல் கணக்கிட்டது. ஆட்கள் தாங்கள் கண்ட நல்ல பக்கங்களைக் குறித்து வைத்து, மற்றவர்களோடு பகிரவென்று 2003 இல் தொடங்கிய டெலிசியஸ் என்ற சேவையை 2005 இல் யாகூ வாங்கியது. 2011 இல் விற்றது. கடைசியில் 2017 இல் புதிதாக எதையும் சேர்க்க முடியாத நிலைக்கு அது வந்தது. பல தளங்களின் புதிய பதிவுகளை ஓரிடத்தில் வாசிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 சூலை 1 இல் மூடப்பட்டது. பிறகு வாசிப்பதற்கென்று கட்டுரைகளைச் சேர்த்து வைத்த பாக்கெற் 2025 சூலை 8 இல் மூடப்பட்டது. முகநூலில் நேரலையாகப் போகும் காணொளிகள் 2025 பெப்ரவரி 19 இலிருந்து முப்பது நாள்தான் இருக்கும். உங்கள் ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களை நேரலையில் விடுகிறீர்கள். எங்கள் மதகு கட்டித் தரப்படும் என்று ஒரு கூட்டத்தில் சொன்னதை ஊரே பார்த்தது. இன்றைக்கு அதை எடுத்துக் காட்டச் சொன்னால் எங்கே போவது? மாரிக்கு அந்த மதகைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இன்னும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போகிறார்கள்.

ஒரு வியாபார நிறுவனம் தனக்கு இலாபமில்லாத சேவையை மூடும். அது அவர்களுடைய பாடு. ஆனால் அரச அலுவலகத்தின் அறிவித்தல் ஏன் அந்த வியாபாரத்தில் தங்கியிருக்க வேண்டும்? உலகளாவிய வலையை உருவாக்கிய ரிம் பேர்னர்ஸ் லீ பணிபுரிந்த சேர்ன் என்ற ஐரோப்பிய ஆய்வு நிறுவனம் 1993 ஏப்ரல் 30 இல் அந்தத் தொழில்நுட்பத்தை எவரும் காசில்லாமல் பயன்படுத்தலாம் என்று விட்டுக் கொடுத்தது. ஒரு பக்கத்துக்கு ஒரு முகவரி, யார் வீட்டிலிருந்தும் திறக்கலாம் என்பதுதான் அதன் அடிப்படை. 2010 இல் .இலங்கை என்று தமிழிலேயே முடிகிற முகவரியும் நமக்குக் கிடைத்தது. கையில் இருப்பதை வைத்துவிட்டு ஏன் கடன் வாங்க வேண்டும்?

வன்னிச் சனத்துக்குத் தாள் தொலைவது என்றால் என்ன என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்களில் பலர் அதே பாதையால் வந்தவர்கள். பிறப்புப் பதிவு, உறுதி, பேமிற், கலியாணப் படம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தோம். அதனால்தான் நூலகம் நிறுவனத்தை நினைக்கும்போது மனம் நிறைகிறது. 2005 இல் தன்னார்வமாகத் தொடங்கி, நம் பழைய புத்தகங்களையும் பத்திரிகைகளையும் ஒவ்வொரு பக்கமாக எண்ணிமப்படுத்தி, யாரும் இலவசமாகத் திறக்கும்படி வைத்திருக்கிறார்கள். சம்பளமில்லாமல் தொடங்கியவர்களால் அது முடிந்தது.

இப்போது பிள்ளைகள் செயற்கை நுண்ணறிவிடம் கேட்கிறார்கள். போன மாதம் ஒரு மாணவி கல்வியியற் கல்லூரி விண்ணப்பத்துக்கு என்னென்ன இணைக்க வேண்டும் என்று போனில் கேட்டு, அது சொன்னதை நம்பி வந்தாள். பாதி பிழை. திறந்த வலையில் எழுத்தாக இல்லாத அறிவித்தலை இயந்திரம் வாசிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. வாசிக்காததை அது இட்டுக்கட்டியும் சொல்லக்கூடும். நீங்கள் எழுதாத இடத்தை வேறு எதுவோ நிரப்பப் போகிறது. இனி வரும் காலம் அப்படித்தான் இருக்கப்போகிறது.

சற்று நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பதை மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். அறிவித்தலை ஒருங்குறித் தமிழில் எழுத்தாக, திகதியோடு, உங்கள் சொந்த இணையத்தளத்தில் போடுங்கள். ஓர் அறிவித்தலுக்கு ஒரு முகவரி. தளத்தைப் புதுப்பித்தாலும் அந்த முகவரியை உடைக்காதீர்கள். காலம் முடிந்த அறிவித்தலையும் அழிக்காதீர்கள், முடிந்தது என்று மேலே எழுதிவிட்டு விட்டுவையுங்கள். அதற்குப் பிறகு அந்த இணைப்பைச் சமூக வலைத்தளத்தில் தாராளமாகப் பகிருங்கள், வட்ஸ்அப் குழுக்களில் போடுங்கள். ஒரு பிரதி கிராம அலுவலரின் பலகையிலும் ஒட்டப்படட்டும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் படிவம் நிரப்பிக் கேட்கும் நிலைக்கு எங்களைக் கொண்டுபோக வேண்டாம். ஒரு பதிவு நாளின் திகதியைத் தெரிந்துகொள்ள அவ்வளவு பாடு படக்கூடாது.

பாமினியிலிருந்து மாற்ற ஆள் இல்லை என்றால் என்னிடம் அனுப்புங்கள். கடை பூட்டிய பிறகு இருந்து மாற்றித் தருகிறேன். காசு வேண்டாம்.

அந்த அம்மா வெள்ளிக்கிழமைகளில் சந்தைக்கு வரும்போது கடைக்கும் வந்து, அடுத்த பதிவு எப்போது என்று கேட்டுவிட்டுப் போகிறார். இரண்டு பைக்குள்ளும் அந்தத் தாள் இருக்கிறது. அவருக்குத் திகதியை எந்த முகவரியில் பார்த்துச் சொல்வது என்பதைத் தயவுசெய்து எனக்கு அறியத் தரவும்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
போட்டோக்கொப்பிக் கடைக்காரன்