ஓவிய முகாம்களில் தாளைக் கவனியுங்கள்

ஆசிரியருக்கு,

மாமல்லபுரம் போன்ற சுற்றுலாத் தலங்களில் நீர்வண்ண ஓவிய முகாம்கள் நடப்பது வரவேற்கத்தக்கது. ஆனால் சில முகாம்களில் சாதாரண டிராயிங் நோட்டுத் தாளைக் கொடுத்துவிடுகிறார்கள். தண்ணீர் பட்டதும் அது நெளிந்துவிடும். பள்ளங்களில் வண்ணம் தேங்கித் திட்டுத்திட்டாகக் காயும். கற்பவரோ தனக்குக் கைவரவில்லை என்று விட்டுவிடுகிறார். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) உள்ள தடித்த தாள், முடிந்தால் பருத்தித் தாள், ஏ5 அளவில் இரண்டு கொடுத்தாலே போதும்.

ஈரத்தைப் பார்க்கவும் பழக்க வேண்டும். முதல் பூச்சு பளபளக்கும்போது அடுத்த வண்ணத்தை விட்டால் இதமாகக் கலக்கும். பளபளப்பு மங்கி, தொட்டால் சில்லென்று இருக்கும் நிலையில் நீர் நிறைந்த தூரிகையை வைத்தால், அந்த நீர் பாதி காய்ந்த வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய்க் காலிஃபிளவர் போல விளிம்பு கட்டும். தேய்த்துச் சரிசெய்யப் போனால் தாள்தான் பிய்யும். முழுதாகக் காயவிடுங்கள். வெயிலில் பூச்சு சட்டென்று காய்ந்துவிடுவதால், நிழலில் உட்காரவைப்பதே நல்லது.

கருங்கல்லுக்குக் கறுப்பு வேண்டவே வேண்டாம். அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வண்ணமும் கலந்தால் உயிருள்ள சாம்பல் நிறம் கிடைக்கும். நீலத்தின் துகள்கள் தாளின் குழிகளில் படிந்து கல்லின் சொரசொரப்பையும் கொண்டுவரும். ஐந்து ரதங்களில் வெயில் படும் பக்கத்தை வெள்ளையாகவே விட்டு, நிழலை மட்டும் ஒரே பூச்சில் போட்டால் பாதிப் படம் முடிந்தது.

கட்டணத்தை அறிவிக்கும்போதே என்ன தாள் தருவார்கள் என்பதையும் அமைப்பாளர்கள் குறிப்பிட வேண்டும்.

– ஓவிய ஆசிரியர், செங்கல்பட்டு