முகடு ஒன்று, நாடுகள் இரண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

இமயமலைச் சுற்றுலா என்றாலே சாலை, விடுதி பற்றித்தான் பேச்சு. மேற்கு வங்க–நேபாள எல்லையில் உள்ள சிங்கலிலா முகட்டில் 3,636 மீட்டர் உயரச் சண்டக்பூ சிகரம் வரை நடந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். அந்தப் பாதை இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் மாறி மாறிப் போகிறது. இந்தியப் பக்கம் தேசியப் பூங்கா. செம்பாண்டா என்னும் சிறு விலங்கு மூங்கில் தேடி எல்லையைத் தாண்டினால் அங்கே வேறு சட்டம், வேறு காவல்.

அதே எல்லையில் உள்ள கஞ்சன்ஜங்கா சிகரப் பகுதியிலும் இதே கதைதான். நேபாளம் 1997-இல் காப்புப் பகுதி அறிவித்து, 2006-இல் நிர்வாகத்தையே உள்ளூர் மக்களிடம் ஒப்படைத்தது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு அது. சிக்கிம் பக்கப் பூங்கா 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, இயற்கை, பண்பாடு இரண்டுக்குமாக. சிக்கிம் மக்களுக்கு அந்தச் சிகரம் தெய்வம். 1955-இல் முதலில் ஏறியவர்களே அதை மதித்து உச்சிக்குச் சற்றுக் கீழே நின்றார்கள்.

சரி, என்ன செய்யலாம்? இரு நாட்டு வனக்காவலர்களும் சேர்ந்து ரோந்து போகட்டும். ஒரு நாளைக்கு எத்தனை பேர் நடக்கலாம் என்று பொதுவான வரம்பு வேண்டும். வழிகாட்டி வேலை முகட்டோர ஊர்க்காரர்களுக்கே கிடைக்க வேண்டும்.

– ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை