வாகனத்தில் இன்னொரு தொலைநோக்கி

ஆசிரியர் அவர்கட்கு,

நவம்பர் முதல் மார்ச் வரை வடக்கின் இரணைமடு, வவுனிக்குளம், கட்டுக்கரைக்குளம் ஆகிய குளங்களின் பக்கம் வலசைப் பறவை பார்க்கப் போகிறவர்கள் வாகனத்தில் மேலதிகமாக ஒரு தொலைநோக்கி வைத்திருப்பது நல்லது. 8×32 (8 மடங்கு பெரிதாக்கும், 32 மி.மீ. முன்வில்லை) போதும். சிவப்புப் பூச்சு வில்லை உள்ளவை வேண்டாம். நிறம் மாறித் தெரியும்.

வைக்கும் இடந்தான் முக்கியம். டாஷ்போட்டில் வைக்கவே கூடாது. வெயிலில் பூட்டிய வாகனத்தின் சூட்டில் உள்ளேயிருக்கும் கிரீஸ் இளகி வில்லையில் படியும், ரப்பர் பிசுபிசுக்கும். ஆசனத்துக்குக் கீழே, காற்றுப் புகாத பெட்டியில், ஸ்பொன்ஞ் விரித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். மாரி ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து வில்லைப் பூச்சை அரித்துவிட்டால், பிறகு துடைத்துப் பயனில்லை. கிரவல் வீதிக் குலுக்கலில் உள்ளேயுள்ள பிரிசக் கண்ணாடி விலகினால் காட்சி இரண்டாகத் தெரியும், தலையிடிக்கும். ஸ்பொன்ஞ் அதற்காகத்தான்.

ஏசியிலிருந்து இறங்கியதும் வில்லையில் ஈரப்புகார் படியும். அவசரப்பட்டுத் துடைக்காதீர்கள், தானாகவே விலகும். செம்மண் தூசியை முதலில் ஊதுபந்தால் அகற்றி, பின் மென்தூரிகை, கடைசியாகவே துணி. சாரம், சட்டை நுனியால் தேய்த்தால் கீறல் நிச்சயம்.

பகல் முழுக்க வாகனத்தை வெயிலில் விடுவதென்றால் தொலைநோக்கியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

பறவை நோக்கர்கள்,
கிளிநொச்சி.