செயலாளரின் ஆண்டறிக்கை, 2023–24

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், வருகை தந்துள்ள உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு செயற்குழு ஆறு முறை கூட அழைக்கப்பட்டு, நான்கு முறை கூடியது. சுதந்திர தினத்தன்று கொடியேற்றி இனிப்பு வழங்கினோம். மாணவர்களுக்கான ஓவியப் போட்டி வழக்கம்போல் நடைபெற்றது.

இரவில் நடமாடும் சிறு விலங்கான தேவாங்கைப் பற்றி வைத்த சாலையோரத் தகவல் பலகை குறித்துச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. என்னிடம் நேரில் கேட்காத சிலர் அதன் செலவைப் பற்றித் தேநீர்க் கடையில் கேட்டதாக அறிகிறேன். 2022 அக்டோபரில், கரூர் மாவட்டத்துக் கடவூர், திண்டுக்கல் மாவட்டத்து வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் ஆகிய வட்டங்களில் பரந்துள்ள 11,806 ஹெக்டேர் காடு, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன்கீழ் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தேவாங்குக்கென்றே நாட்டில் அமைந்த முதல் சரணாலயம் இதுவே. ஆயினும் வியாழக்கிழமை அய்யலூர்ச் சந்தைக்கு ஆடு ஓட்டி வருவோரில் பலருக்கு இச்செய்தி எட்டவில்லை. மந்திரித்த கயிறு விற்பவனின் தோளில்தான் தேவாங்கைப் பார்த்ததாக மூத்தவர்கள் சொல்கிறார்கள். மருந்துக்கென்றும் மாந்திரிகத்துக்கென்றும் பிடித்து விற்ற காலம் அது. மிக உயர்ந்த பாதுகாப்புப் பெறும் விலங்குகளைக் கொண்ட சட்டத்தின் அட்டவணை 1இல், புலிக்கு நிகராக, கால் கிலோ எடையே உள்ள இந்த உயிரும் இடம்பெற்றிருக்கிறது என்பதை ஊரார் படித்து அறிய வேண்டும் என்றே பலகை வைத்தேன்.

பலகைக்கு இருமுறை கூலி கொடுத்தது உண்மை. தேவாங்குக்கு வால் கிடையாது. ஓவியர் குரங்கை மனத்தில் கொண்டு நீண்ட வால் ஒன்றை வரைந்துவிட்டார். சரிபார்க்க நியமிக்கப்பட்ட மூவரில் இருவர் வரவில்லை, மூன்றாமவனான நான் அன்று காய்ச்சலில் படுத்திருந்தேன். அந்த வால் இப்போது உசிலை மரக் கிளையாக மாற்றப்பட்டுள்ளது; உற்றுப் பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

கார்த்திகையில் நடந்த இரவு நடைக்குப் பதினான்கு பேர் பெயர் கொடுத்து, நால்வர் வந்தோம். இரவில் காட்டுக்குள் செல்ல அனுமதி இல்லாததால், உரிமையாளர்களின் இசைவு பெற்று, டார்ச் முகப்பில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொண்டு, காட்டோரத் தோட்டங்களின் வேலி வழியாகவே நடந்தோம். பக்கி என்னும் இரவுப் பறவை கத்திக்கொண்டிருந்தது. ஒன்பது மணியளவில் கிளுவை மரங்களாலான உயிர்வேலியின் உச்சியில் செந்தணல் போல இரு கண்கள் தெரிந்தன. கொம்பைவிட்டுக் கொம்பு பற்றி, ஒரு கை பிடித்த பின்னரே மறு கையை எடுத்து, ஒரு பூச்சியைத் தின்றபடி வந்த தேவாங்கு, கிளுவை முடிந்து கம்பிவேலி தொடங்கும் இடத்தில் நின்றது. நெடுநேரம் கழித்து வந்த வழியே திரும்பியது. தாவ இயலாத விலங்கு அது. கிளையோடு கிளை தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதற்கு வழி, இல்லையேல் தரையிறங்கி நாயிடமோ வண்டிச் சக்கரத்திலோ சிக்க வேண்டியதுதான். சரணாலய எல்லையைக் கல் நட்டுக் காட்டலாம், தேவாங்குக்கு அது தெரியாது. கம்பிவேலி போடப்பட்ட தோட்டம் நம் உறுப்பினர் ஒருவருடையது. அவருக்கு இரண்டாண்டுச் சந்தா பாக்கி என்பது வேறு செய்தி.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரவு எதிர்பார்த்ததினும் சற்றுக் குறைவு, செலவு சற்றுக் கூடுதல். இடைவெளியைப் பெயர் வெளியிட விரும்பாத ஒருவர் கைப்பணத்தால் ஈடுசெய்துள்ளார், சந்தா வசூலானதும் அவருக்குத் திருப்பித் தரப்படும் என அவர் நம்புகிறார். உறுப்பினர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இன்னும் சந்தா செலுத்தவில்லை.

வனப் பணியாளர்கள், நிலம் வழியே செல்ல இசைந்த விவசாயிகள், தேநீர் உபசரித்தோர் ஆகியோருக்கு நன்றி.

வரும் ஆண்டில் இப்பொறுப்பை இளையவர் ஒருவர் ஏற்பதே முறை. எவரும் முன்வராவிடில் நான் மறுக்கப்போவதில்லை. அந்தக் கம்பிவேலியை ஒட்டிக் கிளுவைப் போத்துகளை, அதாவது நட்டால் துளிர்க்கும் கிளைத் துண்டுகளை, நட, போத்து தருவதற்கு ஒரு விவசாயி ஒப்புக்கொண்டுள்ளார். குழி வெட்ட எட்டுப் பேர் போதும். தோட்டத்துக்காரரின் சம்மதத்தைக் கேட்டுச் சொல்லும் பொறுப்பை, அவர் இன்று வந்திருந்தால், அவரிடமே விட்டுவிடுகிறேன்.

செயலாளர்